மழையில் பயிர் போனால் அரசு நிவாரணம் வாங்குவது எப்படி? நீலகிரி விவசாயிகளுக்கு முழுமையான வழிகாட்டி

நிவாரணம் கேட்டு மனு எழுதுவதில் காட்டும் அக்கறையை நம் ஆட்கள் கணக்கெடுப்பு நாளில் காட்டுவதில்லை. ஊட்டி கலெக்டர் ஆபீஸ் வரை பஸ் ஏறிப் போய் மனு கொடுத்துவிட்டு வருவார்கள். வி.ஏ.ஓ.வும் தோட்டக்கலை அலுவலரும் தோட்டத்துக்கு வந்த நேரத்தில் அங்கே ஆள் இருக்காது. பணம் யாருக்கு, எவ்வளவு என்பது அவர்கள் அன்று எழுதும் பட்டியலில் முடிவாகிவிடுகிறது.

எங்கள் பகுதி விவசாயிகளோடு இந்த வேலைகளுக்குத் தொடர்ந்து அலைந்தவன் என்ற முறையில், எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே இடறுகிறது என்பதை வரிசையாக எழுதுகிறேன். குந்தா, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் ஆறு தாலுகாவுக்கும் நடைமுறை ஒன்றுதான். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு நிலப் பிரச்சினை தனி. அது 7-ஆம் பகுதியில்.

1. எதற்குக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இது நஷ்ட ஈடு இல்லை. விதை, உரம் போட்டு மறுபடி பயிர் வைக்க அரசு தரும் இடுபொருள் மானியம். கேரட் மண்டியில் என்ன விலை போனது, நீங்கள் எவ்வளவு கடன் வாங்கினீர்கள் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2015 வரை இது 50 சதவீதமாக இருந்தது. இன்னும் பலர் பாதிக்கு மேல் போனால்தான் எழுதுவார்கள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு போயிருந்தாலே சொல்லுங்கள்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022-23 முதல் 2025-26 வரை வகுத்த அளவு இது. மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.8,500. பாசனப் பயிருக்கு ரூ.17,000. தேயிலை, காபி, மிளகு போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கு ரூ.22,500. ஒருவருக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர். ஒவ்வொரு பேரிடருக்கும் தனி அரசாணை வரும். அதில் எழுதியிருப்பதே முடிவான தொகை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பெய்த மழை என்பதும் அதில்தான் இருக்கும்.

கன மழை, வெள்ளம், மண் சரிவு, ஆலங்கட்டி மழை, உறைபனி இவை பேரிடர் பட்டியலில் இருக்கின்றன. யானை, காட்டுப் பன்றி, காட்டெருமை தின்றது இதில் சேராது. அதற்கு வனச்சரக அலுவலகத்தில் தனி மனு. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் வருவாய்த் துறை வனத்துறையைக் காட்டும், அங்கே போனால் இங்கே திருப்பி அனுப்புவார்கள்.

2. மழைக்கு முன்பே செய்ய வேண்டியது: அடங்கல்

பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான், அதுவும் மழை வருவதற்கு முன்பே. சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அந்த நிலத்தில் இப்போது என்ன பயிர், எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்று சொல்வது அடங்கல். நிவாரணம் பயிருக்கு என்பதால் அதிகாரி முதலில் புரட்டுவது அடங்கலைத்தான்.

அடங்கல் பசலி ஆண்டுப்படி எழுதப்படுகிறது. ஜூலை 1-இல் தொடங்கி அடுத்த ஜூன் 30-இல் முடியும். நம் மலையிலோ கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வருடத்துக்கு மூன்று முறை பயிர் மாறுகிறது. ஏப்ரலில் உருளைக்கிழங்கு போட்டபோது எழுதிய அடங்கலை வைத்துக்கொண்டு, ஆகஸ்டில் அழுகிய கேரட்டுக்கு நிவாரணம் கேட்டால் பதிவேடும் தோட்டமும் ஒத்துப்போகாது. அதனால் ஒவ்வொரு போகத்துக்கும் விதைத்த பதினைந்து நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் போய்ப் பயிரைப் பதிந்துவிடுங்கள். பதிந்ததன் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

அடங்கலில் கண்ணை ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் பாசன ஆதாரம். மலை நிலம் பெரும்பாலும் புன்செய் என்றே பதிவாகியிருக்கும். ஓடையில் மோட்டார் வைத்து ஸ்பிரிங்க்ளரில் தண்ணீர் பாய்ச்சினாலும், அந்தக் கட்டம் காலியாக இருந்தால் உங்கள் பயிர் மானாவாரியாகிவிடும். தொகை சரிபாதி. சொட்டுநீர், ஸ்பிரிங்க்ளர் மானியம் வாங்கிய தாள், மோட்டார் மின் இணைப்பு அட்டை, கிணற்றின் படம், எது இருக்கிறதோ அதைக் காட்டிப் பாசனம் என்று எழுதச் சொல்லுங்கள்.

கூட்டுப் பட்டா வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். தாத்தா பெயரில் பட்டா, அவருடைய பிள்ளைகள் நாலு பேர், அவர்களின் பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டில் பயிர் செய்கிறார்கள் என்பது ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) சாதாரணம். கணக்கெடுப்பு நாளில் இது சண்டையாக வெடிக்கும். இவருக்கு எழுதினால் அவர் ஆட்சேபம் சொல்வார், கடைசியில் யாருக்கும் எழுதாமல் அதிகாரி நகர்ந்துவிடுவார். மழைக் காலத்துக்கு முன்பே பட்டாதாரர்கள் எல்லோரும் உட்கார்ந்து, யார் எந்தத் துண்டை எவ்வளவு பரப்பில் பயிர் செய்கிறார் என்று ஒப்புதல் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். பட்டாதாரர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் அந்தக் கடிதத்தோடு வேண்டும். வாரிசுச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து தாசில்தார் வழியாக வருவது. சேதம் ஆன பிறகு விண்ணப்பித்தால் கணக்கெடுப்பு முடிவதற்குள் கைக்கு வராது.

குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்கள் நில உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: இந்த சர்வே எண்ணில் இந்தப் பரப்பில் இவர் பயிர் செய்கிறார், நிவாரணம் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்று. இதை வைத்துத்தான் வி.ஏ.ஓ. உங்கள் பெயருக்குச் சாகுபடிச் சான்று எழுத முடியும். மழை பெய்து முடிந்தபின் இந்தக் கையெழுத்தைக் கேட்டால் சில முதலாளிகள் தயங்குவார்கள், பணம் வருகிறதென்று தெரிந்துவிடுகிறதே. விதைக்கும்போதே கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

3. சேதம் ஆன அன்று: படம் எடுங்கள், தோட்டத்தைக் கலைக்காதீர்கள்

சரிவு விழுந்த இடத்தில் மழை முழுக்க விடும்வரை விளிம்புக்குப் போகாதீர்கள். முதல் சரிவுக்குப் பின்னால் இரண்டாவது விழுவது இந்த மண்ணில் வழக்கம். தூரத்தில் நின்று எடுத்த படமே போதும்.

தேதி, நேரம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை படத்திலேயே பதிவாகும் ஜி.பி.எஸ். கேமரா செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் தோட்டம் முழுவதும் தெரிய ஒரு படம். அதில் கோயில், தொட்டி, மின் கம்பம், டீ ஃபேக்டரி புகைக்கூண்டு என அசையாத ஏதாவது ஒன்று தெரிய வேண்டும். அப்புறம் சேதமான பாத்தியை நெருக்கமாக எடுங்கள். கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு என்றால் செடியைப் பிடுங்கி, அழுகிய கிழங்கைக் கையில் வைத்து ஒரு படம். மேலே தழை பச்சையாக நிற்கும், கீழே கிழங்கு கூழாகியிருக்கும். மேலிருந்து மட்டும் எடுத்தால் சேதம் இல்லை என்றே தோன்றும்.

உறைபனிக்கு நேரம் முக்கியம். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை வெள்ளை பூத்திருக்கும்போது ஒரு படம் எடுங்கள். வெயில் ஏறினால் அது இருந்த தடமே தெரியாது. இலை கருகுவது அடுத்த நாட்களில்தான் முழுதாகத் தெரியும். அதனால் அதே இடத்தில் நின்று கருகிய பின்பும் ஒரு படம் எடுத்தால்தான் பனி விழுந்ததும் இலை கருகியதும் ஒன்றோடொன்று சேரும்.

அதிகாரி பார்க்கும்வரை தோட்டத்தைச் சுத்தம் செய்யக் கூடாது. அழுகியதை அப்படியே விட்டால் நோய் பக்கத்துப் பாத்திக்குப் பரவுமே என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் வி.ஏ.ஓ.வுக்குத் தகவல் சொல்லிவிட்டு, துண்டுக்கு ஒன்றிரண்டு பாத்திகளைத் தொடாமல் விட்டு மற்றதை எடுங்கள். உழுது புதிதாக நாற்று நட்ட தோட்டத்தைக் காட்டி இங்கே சேதம் இருந்தது என்றால் எந்த அலுவலரும் எழுத மாட்டார். எழுதினால் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

4. தகவல் சொல்வது: இரண்டு இடம், எழுத்தில்

ஒன்று வி.ஏ.ஓ. இன்னொன்று உங்கள் பகுதி உதவி தோட்டக்கலை அலுவலர். கணக்கெடுப்பு வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் சேர்ந்து செய்வது. ஒருவருக்கு மட்டும் சொன்னால் மற்றவரின் பட்டியலில் உங்கள் ஊர் விடுபட வாய்ப்பு உண்டு.

போனில் சொன்னாலும் எழுத்தில் ஒரு தாள் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பெயர், சர்வே எண் உட்பிரிவோடு, பயிர், பயிரின் வயது, சேதமான பரப்பு, சேதமான தேதி, போன் எண். இவ்வளவு போதும். பிள்ளைகளின் படிப்புச் செலவு, மகள் கல்யாணம், வட்டிக் கடன் எல்லாம் எழுதி இரண்டு பக்கம் நிரப்புகிறார்கள். மனசு புரிகிறது, ஆனால் அந்த நெரிசலில் சர்வே எண் கண்ணில் படாமல் போகிறது.

தேதியில் கவனம். மழை தொடர்ந்து பெய்தால் சேதம் தொடங்கிய நாளையும் நீங்கள் பார்த்த நாளையும் தனித்தனியாக எழுதுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது பாதை துண்டாகி, பலரால் பல நாள் தங்கள் தோட்டத்துக்கே போக முடியவில்லை. அப்படியான நேரத்தில் பார்த்த தேதியை மட்டும் எழுதினால், அரசாணையில் சொன்ன தேதிகளுக்கு வெளியே போய்விடும்.

பயிர்க் காப்பீடு கட்டியிருந்தால் அது தனி வழி. ஆலங்கட்டி, மண் சரிவு போன்று உங்கள் தோட்டத்தை மட்டும் தாக்கிய சேதத்தை 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ வங்கியிலோ சொல்ல வேண்டும். வி.ஏ.ஓ.விடம் சொன்னது காப்பீட்டுக்குச் சொன்னதாக ஆகாது.

பாதை அடைபட்டு ஊரே துண்டிக்கப்பட்டிருந்தால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

5. கணக்கெடுப்பு நாள்

அன்று தோட்டத்தில் நில எல்லை தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும். நீங்கள் கூலி வேலைக்குப் போகிறீர்கள் என்றால் வீட்டில் விவரம் தெரிந்தவரை நிறுத்துங்கள். கையில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கி பாஸ்புக் முதல் பக்கம், தேவைப்பட்டால் ஒப்புதல் கடிதம், எல்லாம் நகல் எடுத்து ஒரே கவரில் இருக்கட்டும். மழையில் நனையாத பிளாஸ்டிக் கவர்.

அதிகாரிகளுக்கு ஒரே நாளில் பல தோட்டம். ஏற்ற இறக்கத்தில் நடந்து களைத்து வருவார்கள். ரோட்டிலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. "சார், கீழ்த் துண்டுலதான் முழுசா போயிருக்கு, ரெண்டு நிமிஷம் இறங்கிப் பாத்துடுங்க" என்று மரியாதையாகச் சொல்லிக் கூட்டிப் போங்கள். ரோட்டோரப் பாத்தி வடிகால் நன்றாக உள்ள இடம். அங்கே சேதம் குறைவாகத்தான் தெரியும்.

எழுதும்போது துண்டு துண்டாக எழுதச் சொல்லுங்கள். எல்லாத் துண்டையும் கூட்டி மொத்தமாகச் சேதம் 25 சதவீதம் என்று போட்டால் ஒன்றுமே கிடையாது. அதே தோட்டத்தில் ஓடைப் பக்கத்து 40 ஏர் (சுமார் ஒரு ஏக்கர்) கேரட் முழுக்கப் போய், மேட்டுத் துண்டு தப்பித்திருக்கிறது என்றால், அந்த 40 ஏருக்கு உட்பிரிவு எண்ணோடு தனி வரி எழுதுவதே உண்மை நிலவரம்.

அவர் எழுதி முடித்ததும் அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பில்லை, கோபித்துக்கொண்ட அலுவலரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். பார்க்க வேண்டியவை: பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, 214/3ஏ என்பது 214/3பி ஆகியிருக்கிறதா, பாசனமா மானாவாரியா, பரப்பு ஹெக்டேரிலா ஏக்கரிலா.

கடைசியில் சொன்னதில்தான் அதிகக் குழப்பம். நாம் பேசுவது ஏக்கர், சென்ட். சிட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏர் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். ஒரு ஏக்கர் என்பது சுமார் 40 ஏர், பட்டியலில் 0.40 என்று வரும். 40 ஏர் பாசனக் கேரட்டுக்கு 0.40 பெருக்கல் 17,000, அதாவது ரூ.6,800. அதே வரியில் மானாவாரி என்றிருந்தால் ரூ.3,400. இந்தக் கணக்கை முன்னாலேயே போட்டு வைத்துக்கொண்டால், பணம் வரும்போது குறைந்திருக்கிறதா என்று உடனே தெரியும். மிகச் சிறிய துண்டு வைத்திருப்பவர்கள் நமக்கு என்ன வரப்போகிறது என்று ஒதுங்க வேண்டாம். மேலே சொன்ன வரையறையில் குறைந்தபட்சத் தொகை உண்டு: மானாவாரிக்கு ரூ.1,000, பாசனத்துக்கு ரூ.2,000.

6. நிலம், மாடு, வீடு: தனித்தனித் தாள்

மண் சரிவு வந்த ஊர்களில் எல்லாவற்றையும் பயிர்ச் சேதத்துக்குள் போட்டு எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு, தனித் தொகை. கீழே உள்ளவையும் 1-ஆம் பகுதியில் சொன்ன அதே வரையறையின் தொகைகள்தான்.

விளைநிலத்தில் மண்ணும் கல்லும் மூடியிருந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு ரூ.18,000. மணல், வண்டல் படிந்திருந்தால் மூன்று அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஸ்கேலை நட்டு அளவு தெரியப் படம் எடுங்கள். நிலமே அடித்துக்கொண்டு போயிருந்தால் ஹெக்டேருக்கு ரூ.47,000. இவை சிறு, குறு விவசாயிகளுக்கானவை. ஒரு ஹெக்டேர் வரை குறு விவசாயி, இரண்டு ஹெக்டேர் வரை சிறு விவசாயி. இதற்கான சான்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து முன்பே எடுத்து வைக்கலாம்.

மாடு, ஆடு இறந்தால் கால்நடை மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுதும்வரை புதைக்காதீர்கள். கறவை மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000. துக்கத்தில் உடனே புதைத்துவிட்டுப் பிறகு சான்று கேட்டால் அவரால் எதுவும் செய்ய முடியாது.

வீடு முழுதாக இடிந்தால் மலைப்பகுதிக்கு ரூ.1,30,000.

7. பட்டா இல்லாதவர்கள்

கூடலூர், பந்தலூர் பக்கம் பிரிவு 17 நிலத்தில் தலைமுறையாகப் பயிர் செய்கிறவர்கள் பல ஆயிரம் பேர். ஜென்மிகளின் (பரம்பரை நிலக்கிழார்களின்) எஸ்டேட்டுகளை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில், முடிவுக்கு வராமல் கிடக்கும் அந்த நிலங்களுக்குப் பட்டா இல்லை. சேதம் வரும்போது முதலில் விடுபடுவது இவர்கள்தான். நேந்திரன் வாழை சாய்ந்து கிடக்கும்போது பட்டா எங்கே என்று கேட்கப்படுவது பெரிய அநியாயம்.

ஆனாலும் பட்டா இல்லை என்று தகவல் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். முத்திரை வாங்கிய தாள், ஜி.பி.எஸ். படங்கள், தேயிலை வாரியத்தின் சிறு விவசாயி அட்டை, ரேஷன் அட்டை இவற்றோடு எழுத்தில் கொடுத்து, பட்டா இல்லாத சாகுபடியாளர் என்று தனிப் பட்டியலாவது எடுக்கச் சொல்லுங்கள். பின்னாளில் அரசு சிறப்பு உதவி அறிவித்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். முக்கியமாக, வீடு, கால்நடை, உயிரிழப்பு நிவாரணங்கள் விளைநிலத்தின் பட்டாவைச் சார்ந்தவை அல்ல. அவற்றைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நிலம் அடித்துப்போனதற்கான ரூ.47,000 மட்டும் வருவாய்ப் பதிவேட்டில் உரிமை உள்ளவர்களுக்கே என்று விதியிலேயே இருக்கிறது.

வன உரிமைச் சட்டத்தில் உரிமைப் பத்திரம் பெற்ற பழங்குடி விவசாயிகள் அந்தப் பத்திரத்தின் நகலைச் சிட்டாவின் இடத்தில் வையுங்கள்.

8. வங்கிக் கணக்கு

பட்டியலில் எல்லாம் சரியாக இருந்தும் பணம் திரும்பிப் போவது இங்கே. 2019, 2020 ஆண்டுகளில் வங்கிகள் இணைந்தபோது பல கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியது. பழைய பாஸ்புக்கை நகல் எடுத்துக் கொடுத்தவர்களின் பணம் போய்ச் சேராது. புதிய பாஸ்புக் வாங்கி அதைக் கொடுங்கள்.

இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிவிடும். கணக்கெடுப்பு முடிந்த வாரத்திலேயே வங்கிக்குப் போய் நூறு ரூபாய் போட்டு எடுத்து, கே.ஒய்.சி. நடப்பில் உள்ளதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பயிர்க் கடன் கணக்கு எண்ணைக் கொடுக்காதீர்கள். வருவது கடனில் கழிந்துவிடும். சேமிப்புக் கணக்கு, அதுவும் பட்டியலில் உள்ள அதே பெயரில். அப்பா பெயரில் பட்டியல், மகன் பெயரில் கணக்கு என்றால் நடக்காது.

9. பட்டியல் போன பிறகு

வி.ஏ.ஓ.விடமிருந்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்), கலெக்டர், அங்கிருந்து சென்னையில் வருவாய் நிர்வாக ஆணையர் என்று பட்டியல் ஏறும். கலெக்டர் ஆபீஸைத் தாண்டுவதற்குள் திருத்தம் சுலபம். அதனால் கணக்கெடுப்பு முடிந்த சில நாளில் தாலுகா ஆபீஸில் உங்கள் ஊர்ப் பட்டியலைக் கேட்டுப் பார்த்துவிடுங்கள். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து போய் எல்லோருடைய வரியையும் ஒரே நேரத்தில் பார்த்தால் அலைச்சலும் குறையும், பேச்சுக்கும் மதிப்பு இருக்கும்.

பெயர் விடுபட்டிருந்தால் முத்திரை வாங்கிய தகவல் தாளின் நகலோடு தாசில்தாருக்கு மனு. அங்கே நகரவில்லை என்றால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளிலும் கொடுக்கலாம், ஆனால் விவசாயிகள் கூட்டத்தில் தோட்டக்கலை, வருவாய் இரண்டு துறையும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கேயே பதில் வாங்க முடியும். முதல்வரின் முகவரி எண் 1100-இலும் பதிந்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணத்தை வாங்கித் தருகிறேன் என்று யார் பங்கு கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பட்டியலில் பெயர் சேர்க்கக் கட்டணம் எதுவும் கிடையாது.

அப்போதும் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். எனக்கு ஏன் பணம் வரவில்லை என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆவணங்களைக் கேட்பதற்கு. இப்படிக் கேளுங்கள்: எங்கள் வருவாய்க் கிராமத்தின் கணக்கெடுப்புப் பட்டியல் நகல், என் சர்வே எண்ணுக்கு எழுதப்பட்ட சேதச் சதவீதமும் பரப்பும், பணம் அனுப்பப்பட்ட தேதி, வங்கியிலிருந்து திரும்பியிருந்தால் அதற்கான காரணம் பதிவான தாள். பதில் தர 30 நாள் கெடு. வங்கியிலிருந்து திரும்பியது என்று பதில் வந்தால் சரியான பாஸ்புக் நகலை வைத்து மறுபடி அனுப்பச் சொல்லி தாசில்தாருக்கு எழுதினால் போதும். புதிய மனு, புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை.